செவ்வாய்க்கிழமைக் கட்டம்

எங்கள் ஆலையில் ஆட்டு ரோமம் கழுவுகிறோம்.
சேறும் முள்ளும் புழுக்கையும் பிசுக்குமாய் வந்தது
ஐந்து வெந்நீர்த் தொட்டிகளில் முங்கி எழுந்து
கப்பலுக்குப் போகும்போது
கைபட்டால் கறைபடும் வெள்ளை.
அழுக்கு எங்கே போகிறதென்று
கணக்கு எழுதுகிறவனை யாரும் கேட்டதில்லை.

போகும் இடத்துக்கு லா மன்ஸா என்று பெயர்.
சாதுவானவள் என்று அர்த்தம்.
துராஸ்னோவுக்கு மேற்கே, யூகலிப்டஸ் வரிசைக்குப் பின்னால்
எங்களைத் தாண்டி ஒரு வளைவு வளைந்து
ஐம்பத்தெட்டாம் எண் பள்ளியின் வேலியை
உரசிக்கொண்டு ஓடுகிறாள்.

அந்த ஆண்டு அதைக் கூட்டாளிப் பள்ளி ஆக்கினோம்.
மேலாளர் வால்தெமார் எச்செவெரிக்கு
ஆண்டறிக்கையின் பதினொன்றாம் பக்கத்தில்
ஒரு புகைப்படம் தேவைப்பட்டது.
சுண்ணாம்பு அடித்தோம். கூரையில் இரண்டு சூரியத் தகடு.
பிறகு நீர் சோதிக்கும் பெட்டி, பன்னிரண்டு.
வெள்ளை அங்கி, கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சு,
பிள்ளைகள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துச் சிரித்தார்கள்.
எழுதினேன்: நன்கொடை, கல்வி.
பெட்டியைப் பெட்டியாகவே வைத்திருப்பார்கள் என்று
நினைத்தோமோ என்னவோ.

நவம்பரில் சுல்மா ஆசிரியை கண்காட்சிக்கு அழைத்தாள்.
ஓடையில் ஏழு இடம், ஒன்பது வாரம், பள்ளி உள்ள நாளெல்லாம்.
குப்பியில் மருந்து விட்டால்
நீருக்கு மூச்சிருந்தால் மஞ்சள் ஏறும்.
மூச்சில்லாவிட்டால் நிறமே வராது.
அந்த மஞ்சளை அப்படியே
கட்டம் கட்டமாகத் தீட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
சுவர் முழுக்கப் பூசணிப்பூ.
மூன்றாம் இடத்தில் மட்டும்
ஐந்து கட்டத்துக்கு ஒன்று
வெறும் காகிதம்.

மைத்தே பெந்தன்கோர், பதினொரு வயது, முன்பல் உடைந்தவள்,
அளவுகோலால் தொட்டுக் கேட்டாள்:
"செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது, ஐயா?"

குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.
தெரிந்தவர்கள் அறை முழுக்க நின்றிருந்தோம்.
அவள் அப்பாவுக்கு இரண்டாம் தொட்டியில் வேலை.
திங்கள் இரவு மடையைத் திறந்துவிடுவது அவர் முறை.
தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.
வால்தெமார் மாத்தேக் குடுவையை உறிஞ்சினார்,
நீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினார்,
அந்தக் கரகரப்பு கடைசி பெஞ்சுக்கும் கேட்டது.
"பார்த்துச் சொல்கிறேன்."

காரில் பாதி வழி பேச்சில்லை.
"அந்தப் பெட்டிகளை யார் வாங்கச் சொன்னது?"
"நீங்கள்தான்."

இதோடு நல்லபடியாக முடிக்க ஆசைதான்.
மார்ச்சில் மருந்து தீர்ந்தது.
புதிது கேட்டு சுல்மா எழுதிய கடிதம்
எட்டு வாரம் என் மேஜையில் கிடந்தது.
கிடக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை.
நானாகத்தான் மேலே ஒரு கோப்பை வைத்தேன்.

பிள்ளைகள் எம்பனாதா சுட்டு விற்று வாங்கிக்கொண்டார்கள்.
எங்கள் ஆலை வாசலில்தான் விற்றார்கள்.
நானும் இரண்டு வாங்கினேன்.
சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள் மைத்தே.

ஆகஸ்டில் வால்தெமார் குளம் வெட்டச் சொன்னார்,
கழிவுநீர் தங்கித் தெளிய, பிசுக்கை வழித்தெடுக்க.
மனசாட்சியா, சரக்கு வாங்குகிறவர் யாராவது கேட்டாரா,
எனக்குத் தெரியாது.
எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்றேன்.
"நன்கொடையில் போடு. பதினொன்றாம் பக்கத்துக்கு ஆகும்."

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறை
சொன்னபடி எழுதவில்லை.
கடன் என்று எழுதினேன், பழைய பாக்கி,
பற்றுப் பக்கத்தில்.
பற்று என்ற சொல்லைத் தினமும் எழுதுகிறவன்தான்.
அன்றைக்குக் கொஞ்சம் பேனா நின்றது.

மைத்தே இப்போது நகரத்து உயர்பள்ளியில்.
வேறொரு பையன் குப்பியைத் தூக்கி வெயிலில் பார்க்கிறான்.
போன செவ்வாய்க்கிழமை மஞ்சள் வந்ததாம்.
பூசணிப்பூ இல்லை.
எலுமிச்சைத் தோலின்
உட்பக்கம் அளவுக்கு.